கீச்சென்று கத்தும் கார் பிரேக்

"என்ன மதினி, உங்க கார் தெருமுனைக்கு வரும்போதே தெரிஞ்சிருது!" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். பிரேக்கை மிதித்தால் போதும், கீச்சென்று ஒரு சத்தம். எங்கள் குருவிகுளம் கரிசல் பூமி. கோடையில் ஒரே புழுதி. தூசிதான் காரணம் என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம்.

ஆரியங்காவு கோயிலுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், என் மகன் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு காரிடம் போனான். "கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டா சத்தம் நிக்குதுல்லம்மா, அதே மாதிரிதான்" என்றான். என் கணவர் பார்த்துவிட்டு, "ஏலே, கிண்ணத்தைக் கீழே வை!" என்று போட்ட சத்தத்தில் பையன் நடுங்கிப் போனான். பிரேக் பிடிப்பதே உராய்வினால்தான். எண்ணெய் பட்டால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது!

மறுநாள் கோயிலுக்குப் பதிலாகச் சங்கரன்கோவில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பேட். புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். எங்களுடையதில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை! பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். 'என்னை மாத்து' என்று அது இரண்டு மாதமாகச் சொன்னதைத்தான் நாங்கள் காதில் வாங்கவில்லை. ஆரியங்காவிலிருந்து திரும்பும்போது எஸ் வளைவு தாண்டிப் புளியரை வரை இறக்கம். பின் சீட்டில் குழந்தைகள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சத்தத்தை வைத்தே ஓரளவு காரணம் சொல்லிவிடலாம். காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் கேட்டால், இரவு ஈரத்தில் டிஸ்க்கில் பிடித்த லேசான துரு, தானே போய்விடும். தினமும் கீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம், தூசி அடைந்திருக்கலாம். கரகரவென்று அரைத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். இடையில் கல் சிக்கியும் இருக்கலாம். எதுவானாலும் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

சத்தம் வராமலிருக்கச் சில யோசனைகள்:

ஒவ்வொரு சர்வீசிலும் சக்கரத்தைக் கழற்றிப் பேடின் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கர டிரம்மில் சேரும் தூசியையும் துடைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி மூச்சில் போவது கெடுதல். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இடது, வலது சக்கரங்களுக்குப் பேடைச் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வராமல், சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள். சூடேறினால் பேட் வழவழத்துப் பிடிமானம் குறையும், கீச்சிடவும் செய்யும்.

குக்கர் விசில் மாறினாலும் மிக்ஸி சத்தம் மாறினாலும் முதலில் கண்டுபிடிப்பது நாம்தானே? அந்தக் காதைக் காருக்கும் கொஞ்சம் கொடுங்கள், சகோதரிகளே!

பேட் மாற்றி, அடுத்த வாரம் ஆரியங்காவு போய் நல்லபடியாகத் திரும்பினோம். "எப்ப வந்தீங்க மதினி? சத்தமே கேக்கலியே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.