அப்பாவைத் தெரிந்தவர்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது பெரிய கேள்வி, மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

பழைய வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நெல்லையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் என்று ஐம்பது பேர். பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஒருநாள் காலை, எல்லோருக்கும் பழக்கமான ஓர் உறுப்பினரின் எண்ணிலிருந்து செய்தி வருகிறது: "அங்கிள், நான் அவரோட பொண்ணு. அப்பா நேத்து ராத்திரி தவறிட்டாங்க." பத்து வயதுப் பெண். சிறிது நேரத்தில் கும்பிட்ட கைகளும் ஆழ்ந்த இரங்கல்களும் திரையை நிறைக்கின்றன. நாலாம் நாள் குழு மறுபடியும் டயல் நூல், கன்டென்சர் என்று பேச ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இந்த ஐம்பது பேர் என்ன செய்ய முடியும்? இதுதானே நீங்கள் கேட்டது.

அவளுடைய அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது, அவள் அம்மாவுக்கே தெரியாதது, இந்த ஐம்பது பேரிடம் இருக்கிறது. அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆறுதல் சொல்ல வீடு நிறைய ஆள் வருவார்கள். இதைக் கொடுக்க வேறு யாருமில்லை.

நார்வேயில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். ஓஸ்லோவில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர், 1989-இல் பிறந்தவர். அவருக்கு டூஷென் தசைச்சிதைவு நோய். தசையைக் காக்கிற டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை உடலால் உண்டாக்க முடியாமல் போவதால் வருவது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். சிறு வயதிலேயே சக்கர நாற்காலி. கடைசி ஆண்டுகளில் விரல்களைச் சற்று அசைக்க முடிந்தது, அவ்வளவுதான். அந்த விரல்களால் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் ஆயிரக்கணக்கான மணிநேரம் இருந்தார். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். நண்பர்கள் இல்லாமல், யாருக்கும் எந்த விதத்திலும் பயன்பட முடியாமல் பிள்ளை போய்விட்டான் என்பதுதான் அப்பா ராபர்ட்டுக்கும் அம்மா ட்ரூடேவுக்கும் மிகப் பெரிய துக்கமாக இருந்தது.

மாட்ஸ் எழுதிவந்த வலைப்பதிவின் கடவுச்சொல் அப்பாவிடம் இருந்தது. அதில் மகன் இறந்த செய்தியைப் போட்டார். அதற்குப் பிறகு மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. விளையாட்டுக்குள் மாட்ஸுக்கு இபெலின் என்று பெயர். 'ஸ்டார்லைட்' என்ற சிறு குழுவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். அந்தக் குழுவினர்தான் எழுதினார்கள். அவர்களில் சிலர் வெளிநாடுகளிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்து இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டார்கள்.

என்ன எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். நெதர்லாந்தில் ஒரு பெண்ணுக்கு, படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் விளையாட்டை நிறுத்தியபோது, அந்தப் பெற்றோருக்கு மாட்ஸ் கடிதம் எழுதியிருக்கிறார்: உங்கள் மகளின் நண்பர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள் என்று. டென்மார்க்கில் ஒரு தாய்க்கு ஆட்டிசம் உள்ள மகன். அவனோடு நெருங்க வழி தெரியாமல் தவித்தவருக்கு, விளையாட்டுக்குள்ளேயே மகனைச் சந்திக்க வழி காட்டியிருக்கிறார். மாட்ஸ் சில சமயம் குழுவினரிடம் கடுமையாக நடந்துகொண்டு மனத்தைப் புண்படுத்தியதும் பின்னால் சொல்லப்பட்டது. பெஞ்சமின் ரீ இயக்கி 2024-இல் வந்த ஆவணப்படத்தில் இதெல்லாம் இருக்கிறது. 'நல்ல மனிதர்' என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தாலும் அந்தப் பெற்றோருக்கு மகன் திரும்பக் கிடைத்திருக்க மாட்டான். ஒரு கடிதம், ஒரு யோசனை, ஒரு சண்டை என்று வந்த விவரங்களில்தான் கிடைத்தான்.

அங்கே துக்கப்பட்டவர்கள் பெற்றோர். இங்கே ஒரு குழந்தை. அதனால் வேலை இன்னும் கொஞ்சம் கடினம்.

சாவை விளங்கிக்கொள்வதற்கு ஒரு பிள்ளைக்கு மூன்று விஷயங்கள் பிடிபட வேண்டும். போனவர் திரும்பி வரமாட்டார். அந்த உடம்புக்கு இனி வலி, பசி, குளிர் எதுவும் இல்லை. இது எல்லா உயிர்களுக்கும் நடப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபட ஆரம்பிக்கிறது என்று குழந்தை உளவியல் சொல்கிறது. பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். "அப்பா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். சின்னஞ்சிறு பிள்ளையிடமும் வேண்டாம். தூங்கப் போகவே பயப்படும், வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். பிள்ளை பத்து நிமிடம் தேம்பி அழுதுவிட்டு எழுந்துபோய்ப் பாண்டி ஆடும். அதைப் பார்த்து "மறந்துட்டா, நல்லதுதான்" என்று பெரியவர்கள் நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அவள் எதையும் மறக்கவில்லை. அந்த வயது அவ்வளவைத்தான் ஒரு தடவையில் தாங்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபிலிஸ் சில்வர்மேன், வில்லியம் வோர்டன் என்ற இருவர் நடத்திய ஆய்வு இதில் முக்கியமானது. தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களில், 6 முதல் 17 வயது வரையுள்ள 125 பிள்ளைகள். இறப்புக்கு நான்கு மாதம் கழித்து, ஓராண்டு கழித்து, இரண்டாண்டு கழித்து என மூன்று முறை வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். போனவரிடமிருந்து மனத்தைப் பிரித்து எடுத்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று ஃபிராய்டு 1917-இல் எழுதியது அதுவரை மருத்துவர்களிடையே செல்வாக்கோடு இருந்தது. அந்தப் பிள்ளைகளோ பிரித்துக்கொள்ளவே இல்லை. ஐந்தில் நான்கு பேர் அப்பாவோ அம்மாவோ தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தவரோடு பேசினார்கள். பலர் அவருடைய சட்டையையோ கடிகாரத்தையோ வேறு ஏதாவது ஒரு பொருளையோ பத்திரமாக வைத்திருந்தார்கள். இறந்தவரோடு உறவு முடிவதில்லை, பிள்ளை வளர வளர அதுவும் மாறிக்கொண்டே வளர்கிறது என்று சில்வர்மேனும் அவருடைய சகாக்களும் 1996-இல் ஒரு நூலில் விரிவாக எழுதினார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முதலாண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. பதற்றம், ஒதுங்கிப் போவது, தன்னால் எதுவும் ஆகாது என்ற நினைப்பு. சொந்தபந்தம் வந்து போய், தலைத்திவசம் முடிந்து, ஊர் தன் வேலையைப் பார்க்கப் போன பிறகு வருகிற ஆண்டு அது. உங்கள் குழு நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டியது அந்த இரண்டாம் ஆண்டைத்தான்.

வளர வளர என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் நீங்கள் வேண்டியிருக்கிறது. பத்து வயதில் அவள் கேட்பது "அப்பாவுக்கு வலிச்சுதா?" என்பதாக இருக்கும். பதினாறில் "என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்பாள். இருபத்தாறில், ஒரு வேலையை விடலாமா வேண்டாமா என்று தவிக்கும்போது, இந்த வயதில் அப்பா எப்படி இருந்தார் என்று அறிய வேண்டும்போல் இருக்கும். பத்து வயதுப் பிள்ளையாக அவள் பார்த்த அப்பாவில் அதற்குப் பதில் இருக்காது.

பதில் கிடைக்காமல் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் தந்தையை இழந்த அமெரிக்கப் பிள்ளைகள் சுமார் 1,83,000 பேர். பல வீடுகளில் அம்மா மறுமணம் செய்துகொண்டார். முதல் கணவரின் பெயரை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. பிள்ளையின் மனத்தை நோகடிக்கக் கூடாது என்ற அன்பில்தான் அப்படிச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஆன் பென்னட் மிக்ஸ் 1991-இல் தன்னைப்போன்றவர்களுக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஐம்பதைத் தொடும் வயதில் மகன்களும் மகள்களும் அப்பா இருந்த படைப்பிரிவின் பெயரைக் கண்டுபிடித்து, அதில் உயிரோடிருந்த கிழவர்களைத் தேடிப்போனார்கள். பதக்கம், பதவி எல்லாம் அரசாங்கக் காகிதத்திலேயே இருந்தது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குத்தான் தெரியும். வியட்நாம் போரில் இறந்தவர்களின் பிள்ளைகளும் 1990-இல் இதேபோல் ஒன்றுசேர்ந்தார்கள். தந்தையர் தினத்தையொட்டி, வாஷிங்டனில் அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த கறுப்பு நினைவுச் சுவரைத் தங்கள் கையால் கழுவியிருக்கிறார்கள்.

நம்மிடமும் இதற்கான இடங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டிக்கு 'கல்வெட்டு' என்றும் நினைவு மலர் என்றும் சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் படத்திறப்பு என்றால் நண்பர்கள் மைக்கைப் பிடித்துப் பேசுவார்கள். எவ்வளவு நல்ல வழக்கங்கள்! ஆனால் பண்பாளர், பாசமிக்கவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்ற வரிகளே பக்கங்களை அடைத்துக்கொள்கின்றன. பெயரை மாற்றினால் எந்த ஊர் யாருக்கும் பொருந்தும். மேடையில் ஒருவர் தழுதழுத்துச் சொன்ன அருமையான சம்பவத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

ஆகவே உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு சம்பவம் எழுதட்டும். ஒன்றே போதும். "ஒரு மர்ஃபி ரேடியோவில் பேண்ட் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டது. உங்க அப்பா ராத்திரி ஒரு மணி வரை வீடியோ காலில் என்கூட உட்கார்ந்தார். நடுவில் நீ எழுந்து வந்து தண்ணி கேட்டாய். 'இருங்க, மகாராணி வந்துட்டாங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்." இப்படி நடந்தது நடந்தபடி. எந்த வருஷம், என்ன ரேடியோ, அவர் வாயில் வந்த சொல் என்ன, எல்லாம் இருக்கட்டும். அவர் கோபப்பட்டதையும் எழுதலாம்; சால்டரிங் கற்றுக்கொடுத்தபோது பொறுமையிழந்து கத்தினார், மறுநாள் தானே கூப்பிட்டுப் பேசினார் என்றால் அதையும். குறையே இல்லாத அப்பாவோடு ஒரு மகளால் பேச முடியாது. தான் தவறும்போதெல்லாம் அவர் முன்னால் நிற்கவே கூசுவாள். மகளைப் பற்றி அவர் குழுவில் பேசியதை மட்டும் தனியாகத் தேடி எடுங்கள். அவள் வாங்கிய மார்க், பல் விழுந்தது, முதல் முறை சைக்கிள் ஓட்டியது. பதினாறு வயதுக் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

அவசரமான ஒரு காரியம் உண்டு, அவருடைய குரல். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் ஐம்பது பேரின் போன்களில் சிதறிக் கிடக்கும். வீட்டில் எடுத்த வீடியோக்களில் பெரும்பாலும் அப்பாதான் கேமராவுக்குப் பின்னால் நின்றிருப்பார். பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு நீக்கப்பட்டுவிடும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும். பிறகொரு நாள் அப்பாவின் எண்ணில் யாரோ ஒருவருடைய படம் தெரியும், அந்தப் பிள்ளை அதைப் பார்க்கும். அம்மாவிடம் இதைச் சொல்லி, எண்ணைக் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செலவைக் குழுவே ஏற்றுக்கொள்ளலாம். உரையாடலை 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்துப் படங்களோடும் குரலோடும் இறக்கிக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் இருந்தவரென்றால் அந்தப் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றக் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம்.

சில எச்சரிக்கைகள். பத்து வயதுப் பெண்ணுக்கு முன்பின் பார்க்காத ஐம்பது ஆண்கள் தனித்தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. அது அவளுக்கும் நல்லதல்ல, அம்மாவுக்கும் கவலை. ஒருவர் பொறுப்பெடுத்து, அம்மாவின் சம்மதத்தோடு, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அம்மா இப்போது வேண்டாம் என்றால் காத்திருங்கள். பிள்ளையிடம் உங்கள் அழுகையை இறக்கிவைக்காதீர்கள். "இனிமே அம்மாவை நீதான் பார்த்துக்கணும்" என்ற வாக்கியத்தை எந்த உருவத்திலும் சொல்ல வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம், ஆனால் அப்பாவை இழந்த அன்றே அவள் குழந்தைப் பருவத்தையும் சேர்த்துப் பிடுங்குகிற வாக்கியம் அது. அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காதபோது சும்மா இருங்கள். அப்பாவின் பிறந்தநாள் வந்தால், குறிப்பாக அந்த இரண்டாம் ஆண்டில், அவருடைய படம் ஒன்றும் சம்பவம் ஒன்றும் அம்மா வழியாகப் போகட்டும்.

எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்கப் பிள்ளைகள் தேடிப்போனபோது அப்பாவின் தோழர்களுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. பலர் அதற்குமுன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அச்சிட்ட பிரதி ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள். குரல் கோப்புகளோடு இன்னும் இரண்டு பிரதிகள் இருக்கட்டும், ஒன்று நெல்லைக்காரரிடம், ஒன்று சிங்கப்பூர்க்காரரிடம். அந்த இருவர் வீட்டிலும் அடுத்த தலைமுறையில் ஒருவருக்கு, அது யாருக்காக வைத்திருக்கிறது என்று சொல்லிவைத்திருக்க வேண்டும்.