எஞ்சின் உறுமுது, படகு நகரல... பழவேற்காட்டுப் படகுகளில் எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் நடுவே என்ன நடக்கிறது?

பழவேற்காடு முகத்துவாரம். ஏரி கடலோடு சேரும் இடம். அடியில் மணல் திட்டு, எதிரே உடைந்து வரும் அலை, பக்கவாட்டில் இழுக்கும் நீரோட்டம். படகு அலைக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும் வரை பிரச்னை இல்லை. திடீரென எஞ்சின் சத்தம் மட்டும் உச்சத்துக்கு ஏறுகிறது. படகு நகரவில்லை. சில விநாடிகளில் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அடுத்த அலை எங்கே அடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நடந்தால் பெரும்பாலும் எஞ்சின் மேல் தப்பு இருக்காது. எஞ்சினின் சக்தியைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் பாதையில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும், வழுக்கியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். ஷாஃப்ட், கியர், சீல், பின், புரொப்பெல்லர் என்று நீளும் இந்தப் பாதைதான் ‘டிரைவ்டிரெய்ன்’. பைக்குக்குச் செயினும் ஸ்பிராக்கெட்டும் எப்படியோ, படகுக்கு இது அப்படி. ஒரே வித்தியாசம்: பைக் செயின் அறுந்தால் ரோட்டோரம் தள்ளிக்கொண்டு போகலாம். முகத்துவாரத்தில் ஓரம் கிடையாது.

காட்டூர், காட்டுப்பள்ளி, கோரைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என நீளும் இந்தப் பகுதியில் படகு எஞ்சினை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்த எஞ்சினைத் தண்ணீரோடு இணைக்கும் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன, எப்படிக் கெடுகின்றன, எப்படிக் காப்பாற்றுவது?

இரண்டு வகை, இரண்டு வழி

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. இவற்றில் பொதுவாக இரண்டு வகை எஞ்சின்களைப் பார்க்கலாம்.

ஒன்று, லாங் டெயில். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் படகின் பின்பக்கம் ஒரு அச்சில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளமான குழாய் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் ஷாஃப்ட், அதன் நுனியில் புரொப்பெல்லர். தாய்லாந்தின் கால்வாய்ப் படகுகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

மற்றொன்று, அவுட்போர்டு. எஞ்சின் மேலே, புரொப்பெல்லர் கீழே, நடுவில் செங்குத்தான ஷாஃப்ட். தண்ணீருக்குள் இருக்கும் கியர் பெட்டியில் சக்தி 90 டிகிரி திரும்பி புரொப்பெல்லருக்குப் போகும். அங்கேயே வேகமும் குறையும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றி, கியர் விகிதம் 2:1 என்றால், புரொப்பெல்லர் 2,500 தடவைதான் சுற்றும். வேகம் பாதியாகும்போது திருப்புவிசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். படகைத் தள்ளுவது அந்த விசைதான்.

பழவேற்காடு ஆழமில்லாத ஏரி. சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். மணல் திட்டு வந்தால் லாங் டெயிலின் வாலை ஒரு கையால் அழுத்தி, மறுமுனையில் இருக்கும் புரொப்பெல்லரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம். அவுட்போர்டையும் சாய்க்கலாம். ஆனால் சாய்ப்பதற்குள் தரை தட்டினால் அடி நேராகக் கியர் பெட்டிக்குத்தான்.

மணலில் புரொப்பெல்லர் தட்டும் இந்தத் தலைவலி புதிதல்ல. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடா திட்டம், கரையிலேயே இறக்கி ஏற்றும் சிறு படகுகளை உருவாக்கியபோது இதையேதான் எதிர்கொண்டது. எஞ்சினையும் ஷாஃப்டையும் சேர்த்தே சாய்த்துத் தூக்கும் அமைப்பை அவர்கள் வடிவமைத்துச் சோதித்தார்கள். நம் கடற்கரையில் ஓட்டுவதற்கு எஞ்சினின் பலத்தைவிட, புரொப்பெல்லரைச் சட்டென்று மேலே எடுக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

உடைவதற்காகவே ஒரு பின்

சிறிய அவுட்போர்டுகள் பலவற்றில் புரொப்பெல்லரையும் ஷாஃப்டையும் இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு உலோகத் துண்டு. இதற்கு ஷியர் பின் என்று பெயர். கல்லிலோ மணலிலோ புரொப்பெல்லர் மோதினால் இந்தப் பின் உடையும். அடி கியருக்குப் போகாது. வீட்டில் ஃபியூஸ் போவதுபோல, பின் உயிரை விட்டு கியரைக் காப்பாற்றுகிறது.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். “அடிக்கடி ஒடையுது” என்று ஒரு ஆணியையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியையோ வெட்டிச் செருகிவிடுவார்கள். அது உடையாது, உண்மைதான். அடுத்த முறை தரை தட்டும்போது கியர் பல் உடையும். பின்னை நடுக்கடலில் மாற்றலாம். கியர் பல்லை மாற்ற எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும்.

பெரிய அவுட்போர்டுகளில் பின்னுக்குப் பதிலாக, புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் ஹப் இருக்கும். அதிர்ச்சியை அது தாங்கும். நாளாக ஆக ரப்பர் பிடி விட்டுவிட்டால், எஞ்சின் உறுமும், ஷாஃப்ட் சுற்றும், புரொப்பெல்லர் வழுக்கும். ஆரம்பத்தில் நிறுவனம் வந்தபடியே எப்படி இருந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் ஒரு எளிய சோதனை: புரொப்பெல்லரின் உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். நன்றாக முடுக்கி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால், ஹப் வழுக்குகிறது. அதோடு முகத்துவாரத்துக்குப் போகாதீர்கள். ஏரிக்குள் மெதுவாகக் கரை திரும்ப மட்டும் அது உதவும்.

பால் கலந்த ஆயில்

பழவேற்காட்டில் கியர் பெட்டிக்குப் பெரிய எதிரி பாறை இல்லை, வலைதான். அறுந்த நைலான் நூல் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகி, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் இருக்கும் ஆயில் சீலை அறுக்கும். ஆயில் வெளியே கசியும். உப்புத்தண்ணீர் உள்ளே போகும். சத்தமே வராது. படகு வழக்கம்போல ஓடும். உள்ளே பேரிங் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கியர் பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, வரும் ஆயிலைப் பாருங்கள்.

தேன் நிறமோ கறுப்போ என்றால், தண்ணீர் இல்லை. பால் ஊற்றிய காபிபோல இருந்தால், தண்ணீர் புகுந்துவிட்டது. அடி ஸ்க்ரூவின் காந்தத்தில் மை போல நுண்ணிய துகள் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்குச் சில்லு வந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைகிறது.

ஆயில் மாற்றும்போது ஒரு நுணுக்கம். மேலே ஊற்றி நிரப்பக் கூடாது, காற்று அடைபட்டு ஆயில் குறைந்துவிடும். மேல் ஸ்க்ரூ, அடி ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி, பழையது முழுக்க வடிந்தபின், அடித் துளை வழியாகப் புது ஆயிலை மெல்ல அழுத்தி ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வந்ததும், முதலில் மேல் ஸ்க்ரூவை மூடி, பிறகு அடியை மூட வேண்டும். இரண்டுக்கும் புது வாஷர். பழைய வாஷர் மிச்சப்படுத்துவது சில ரூபாய், கசியவிடுவது மொத்த கியர் பெட்டி.

பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். தினமும் ஐந்து மணி நேரம் ஓடும் படகுக்கு 100 மணி நேரம் என்பது வெறும் 20 நாள்.

பால் நிறம் கண்டவுடன் புது ஆயில் ஊற்றிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல. மெக்கானிக்கிடம் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். கியர் பெட்டியைத் தண்ணீரில் மூழ்கவைத்தால், குமிழி வரும் இடம்தான் கசியும் இடம்.

லாங் டெயில் குழாய்க்குள்

லாங் டெயிலில் கழற்றிப் பார்க்கக் கியர் பெட்டி இல்லை. அதற்குப் பதில் நீளமான ஷாஃப்டைத் தாங்கும் புஷ்களும், எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கும், நுனியில் ஒரு சீலும் உண்டு. கிரீஸ் காய்ந்தாலும் சீல் போனாலும், மணல் கலந்த தண்ணீர் குழாய்க்குள் ஏறும். மணல்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல புஷ் தேயும்.

எஞ்சினை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது. குறிப்பிட்ட வேகத்தில் படகு முழுக்க அதிர்ந்தால் மூன்று சந்தேகம்: வளைந்த ஷாஃப்ட், நேர்கோடு தப்பிய கப்ளிங், இலை வளைந்த புரொப்பெல்லர். ஒரு இலையைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி அப்படியே மாட்டினால், எடை சமன்பாடு கெட்டு, அந்த அதிர்வே புது புஷ்ஷையும் சீக்கிரம் தின்றுவிடும்.

உப்பு கடிக்கும் இடம்

பழவேற்காடு உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியாறு போன்ற ஆறுகளின் நீரால் உப்பு குறையும். கோடையில் ஏறும், சில இடங்களில் கடல்நீரையே தாண்டும். அலுமினியக் கியர் பெட்டியும் ஸ்டீல் ஷாஃப்டும் இந்தத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால், மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரையும். அதைத் தடுக்கத்தான் ‘ஆனோடு’ என்ற உலோகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். கட்டி கரையும், பெட்டி தப்பும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் வேலையே செய்யாது. கடலுக்குத் துத்தநாக ஆனோடு போதும். உப்பு ஏறி இறங்கும் உவர்நீருக்கு அலுமினிய ஆனோடு பொருத்தம்.

அவுட்போர்டில் இன்னொரு பலவீனம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர். சேறும் மணலும் அதன் இதழ்களைத் தேய்த்துவிடும். ஓடும்போது பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர்க் கோடு மெலிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓட்டிக் கழுவுவது, எஞ்சின் ஆயுளைக் கூட்டும் மலிவான வைத்தியம்.

வாட்டர் ஸ்கூட்டர் இங்கே ஓடுமா?

முட்டுக்காடு போன்ற இடங்களில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். வெளியே புரொப்பெல்லர் கிடையாதே, தரை தட்டாதே!

தட்டாது. ஆனால் உறிஞ்சும். வாட்டர் ஸ்கூட்டரின் அடியில் ஒரு சுரங்கம். அதற்குள் சுற்றும் இம்பெல்லர் தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சும். இம்பெல்லருக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆழமில்லாத இடத்தில் மணலை உறிஞ்சினால் வளையத்தில் கோடு விழும், இடைவெளி கூடும், தண்ணீர் நழுவும். விளைவு அதே கதைதான்: எஞ்சின் உறுமும், வண்டி நகராது. வலைத் துண்டு உள்ளே போனால் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இடுப்பளவு ஆழமாவது வேண்டும் என்று இருக்கும் வண்டிக்கு, சராசரியே ஒரு மீட்டர் இருக்கும் ஏரி ஏற்ற இடமல்ல.

61 நாள் யாருக்கு?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறி, ஷாஃப்ட் முதல் பெயின்ட் வரை எல்லாம் சரிபார்க்கும் காலம் அது. சிறிய ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அது நல்லதுதான். ஆனால் ‘கட்டாய சர்வீஸ்’ காலமும் இல்லாமல் போகிறது. ஓடும்வரை ஓட்டு, நின்றால் பார் என்பதே பழக்கமாகிவிடுகிறது.

பழவேற்காட்டில் எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைக்கும் ‘பாடு’ வழக்கம் உண்டு. முறை வரும் நாளில் பழுது என்றால், அந்த நாள் திரும்ப வராது. அதனால்தான் தடைக்காலம் இல்லாதவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தேவை. எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது என்று தேதியோடு எழுதினாலே பாதிப் பழுதை முன்கூட்டியே பிடித்துவிடலாம். போனில் குறித்தாலும் சரி.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

• புரொப்பெல்லரைத் தொடும் முன் எஞ்சினை அணைத்து, கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றிக் கையில் வையுங்கள்.
• புரொப்பெல்லரின் பின்னால் நைலான் நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள்.
• நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் இருக்கிறதா, ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்.
• கியர் பெட்டி அடியில், குழாய் நுனியில் ஆயில் கசிவு இருக்கிறதா பாருங்கள்.
• உதிரி ஷியர் பின், ஸ்ப்ளிட் பின், கட்டிங் பிளேயர், கத்தி ஒரு டப்பாவில் இருக்கட்டும். கூடவே துடுப்பும் நங்கூரமும்.
• லைஃப் ஜாக்கெட் படகில் கிடக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும்.
• பழைய ஆயிலை ஏரியில் கொட்டாதீர்கள். பூநாரைகள் மேயும் அதே தண்ணீரில்தான் இறாலும் வளர்கிறது.

கடைசிக்கு முந்தைய வரி சும்மா சேர்த்ததல்ல. 2011 டிசம்பர் 25 அன்று முகத்துவாரம் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் இல்லாததும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. அந்தத் தண்ணீர் தப்புக்கு இரண்டாவது வாய்ப்பு தருவதில்லை.

எஞ்சின் நின்றால் நங்கூரம் போட்டு, படகின் முகப்பை அலைக்கு நேராக வைத்துக்கொண்டு, பின்னை மாற்ற நேரம் கிடைக்கலாம். அந்த நேரம் கிடைப்பதும் கிடைக்காததும், முந்தின நாள் சாயங்காலம் கரையில் செலவழித்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்தது.