உங்களுக்குத் தெரியுமா? நந்திதுர்க் முதல் ஒயிட்ஃபீல்ட் வரை

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் மைன்ஸ் பக்கத்து லைன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) ஒரு வீட்டின் மூன்று தலைமுறையை விசாரித்தால் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்: தாத்தா ஷாப்ட்டில் இறங்கினார், அப்பா வி.ஆர்.எஸ். வாங்கினார், பிள்ளை பெங்களூரில் ஸ்வைப் கார்டு தேய்க்கிறது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி, சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. அன்றிலிருந்து இந்த ஊரின் வேலை ரயில் ஏறித்தான் போகிறது. ஐ.டி. ஆபீஸ் புலம்பல்களை இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

விரலை வை

பயோமெட்ரிக் மெஷினில் மூன்று தரம் விரலை அழுத்தியும் அது சிவப்பு விளக்கைக் காட்டும்போது பொங்கிக்கொண்டு வருமே ஒரு கோபம், அதற்குத் தங்கவயலில் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1930-ல் சுரங்கக் கம்பெனிகள் வேலையாட்களைப் பதிவு செய்யத் தொடங்கி, கைரேகை கொடுத்தால்தான் வேலை என்றன. ரேகை எடுப்பது போலீஸ் ஸ்டேஷன் வேலை, எங்களுக்கு எதற்கு என்று ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. இத்தனைக்கும் மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே அப்போது கிடையாது; அது 1940களில்தான் வந்தது.

அவர்களுடைய சந்தேகம் வீண் சந்தேகமும் அல்ல. கைரேகையை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர் வங்காளத்தில் கலெக்டர் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஹெர்ஷல். 1858-ல், ஜங்கிபூரில், சாலைக்குச் சரளைக் கல் சப்ளை செய்ய வந்த ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தப் பத்திரத்தின் பின்னால் பதியவைத்தார். ‘நான் கையெழுத்தே போடவில்லை’ என்று அவர் பின்னால் மறுக்காமல் இருக்க ஒரு மிரட்டல், அவ்வளவுதான். குற்றவாளியைப் பிடிக்கக் கைரேகை பயன்பட்டதெல்லாம் அப்புறம் நடந்தது. ஆக, அந்த மெஷின் உங்களை நம்பவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அதன் பூர்வீகமே அதுதான்.

கூண்டில் ஏறியாச்சா?

1931-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று ஓர் உடன்படிக்கை எழுதியது. அதில் வேலை நேரத்துக்குக் கொடுத்த கணக்கு அருமையானது: கீழே போகக் கூண்டில் ஏறிய நிமிடத்தில் தொடங்கி, திரும்பி மேலே வந்து கூண்டிலிருந்து இறங்கும்வரை. ஷாப்ட்டில் தொங்கிக்கொண்டு போகும் நேரமும் வேலைதான். போதிய நாடுகள் ஒப்பாததால் உடன்படிக்கை அமலுக்கு வரவில்லை என்றாலும், கணக்கு நியாயமான கணக்கு.

இன்றைய கணக்கைப் பாருங்கள். மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்பே ரயில் ஏறி, பங்காருபேட்டையில் மெயின் லைனைத் தொட்டு, மாலூர் தாண்டி ஒயிட்ஃபீல்டிலோ கே.ஆர்.புரத்திலோ இறங்கி, அங்கிருந்து மெட்ரோவோ பஸ்ஸோ பிடித்து ஆபீஸ் வாசலுக்குப் போகிறவருக்கு, கடிகாரம் ஓட ஆரம்பிப்பது டர்ன்ஸ்டைலைத் தாண்டிய பிறகு. அதற்குள் அவர் இரண்டு, இரண்டரை மணி நேரம் செலவழித்தாயிற்று. ராத்திரி அதே தூரம் திரும்ப வேண்டும். ‘ஸ்வைப் அவர்ஸ் ஒன்பதுக்குப் பதினைந்து நிமிஷம் குறைகிறது’ என்று ஒரு மெயில் வரும். மெயில் அனுப்பிய மேனேஜர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்திருப்பார்.

இன்னொரு சேதி. பங்காருபேட்டை–மாரிகுப்பம் கிளைப்பாதை 1894-ல் போடப்பட்டதே சுரங்கத்துக்காகத்தான். மெஷினும் சாமானும் உள்ளே வர வேண்டும் என்பதற்காகப் போட்ட தண்டவாளத்தில் இப்போது ஊர் ஜனம் தினமும் வெளியே போகிறது.

எட்டா, பதினாலா?

நிலத்தடியில் இறங்குகிறவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1952-ம் வருடச் சுரங்கச் சட்டம் வரம்பு கட்டியது. 2024 ஜூலையில் கர்நாடக அரசின் முன் வந்த யோசனை, ஐ.டி. ஊழியரின் வேலை நாளை ஓவர்டைமோடு சேர்த்து 14 மணி நேரம்வரை கொண்டுபோக வழி செய்தது. கே.ஐ.டி.யு. என்ற ஐ.டி. ஊழியர் சங்கம் போர்க்கொடி தூக்கியது. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார்; 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். ஏலம் இப்போதைக்கு அங்கே நிற்கிறது.

ஏ.சி. யாருக்கு?

தங்கவயலின் ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பாவிட்டால் ஆள் நிற்க முடியாது. அதனால் 1930களிலேயே குளிர்சாதன ஆலை நிறுவிய உலகின் மிகச் சில சுரங்கங்களில் இதுவும் ஒன்றானது. அங்கே ஏ.சி. போட்டது கருணையால் அல்ல. ஆனால், கீழே இருக்கும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று யாரோ ஒருவர் கணக்காவது போட்டார்.

ஆபீஸ் ஏ.சி.க்கும் ஒரு கணக்கு உண்டு. 1960களில் உருவான அந்தச் சூத்திரம் 40 வயது, 70 கிலோ எடை கொண்ட ஓர் ஆணின் உடல் சூட்டை அளவுகோலாக வைத்திருந்தது. பெண்களின் உடல் அவ்வளவு சூட்டை உண்டாக்குவதில்லை, எனவே சூத்திரம் தவறு என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2015-ல் எழுதினார்கள். சித்திரை வெயிலில் ஒயிட்ஃபீல்ட் ஆபீசுக்குள் பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு கோடு அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘சென்ட்ரலைஸ்டு ஏ.சி., மாத்த முடியாது மேடம்’ என்கிற ஃபெசிலிட்டி ஆளுக்கு இந்த ஆராய்ச்சி இன்னும் போய்ச் சேரவில்லை.

சத்தமில்லாத இடம் தேடி

1960களில் விஞ்ஞானிகள் சிலருக்கு ஒரு பிரச்னை. நியூட்ரினோ என்ற, அநேகமாக எதிலும் மோதாமல் போகும் துகளைப் பிடிக்க வேண்டும். ஆனால் தரைமட்டத்தில் விண்வெளிக் கதிர்களின் இரைச்சல் தாங்கவில்லை. எல்லா இரைச்சலையும் வடிகட்ட மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை வேண்டும். மும்பை டாடா ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவிகளைத் தங்கவயலில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்தன. 1965-ல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ அங்கே பதிவானது. உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று இது. மற்றது தென்னாப்பிரிக்காவில், அதுவும் ஒரு தங்கச் சுரங்கம்தான்.

நுட்பமான வேலைக்கு இரைச்சலற்ற இடம் வேண்டும் என்பதற்காக இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கியவர்கள் அவர்கள். நமக்கோ நாற்பது பேர் ஒரே ஹாலில். பக்கத்து டீம் ஸ்பீக்கரில் கால் பேசும், எதிரில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், நடுவில் உட்கார்ந்து புரொடக்‌ஷன் பக் தேட வேண்டும். தடுப்பை எடுத்துவிட்டால் ஆட்கள் கூடிப் பேசுவார்கள் என்பதுதான் இந்தத் திறந்தவெளி அமைப்புக்குச் சொல்லப்படும் நியாயம். ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைன், தடுப்பை எடுத்த இரண்டு பெரிய கம்பெனிகளில் ஊழியர் கழுத்தில் கருவி மாட்டி அளந்து பார்த்தார். 2018-ல் வெளியான முடிவு: நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. ஆட்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெசேஜில் பேசினார்கள். இதைப் படித்துவிட்டு எந்தக் கம்பெனியாவது தடுப்பைத் திரும்பக் கட்டியதா என்றால், வாடகைக் கணக்கு பார்ப்பவர்கள் ஹார்வர்டு கட்டுரை படிப்பதில்லை.

தடுப்புக்கும் ஒரு சோகக் கதை உண்டு. ராபர்ட் புரோப்ஸ்ட் என்ற அமெரிக்கர் 1968-ல் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக நகர்த்தி மாற்றக்கூடிய ஆபீஸ் தடுப்புகளை வடிவமைத்தார். ஊழியர் தன் வேலைக்கு ஏற்ப இடத்தை விரித்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். கம்பெனிகள் அதையே சுருக்கிச் சுருக்கிப் பெட்டிகளாக்கின. தன் கண்டுபிடிப்பு போன போக்கைக் கடைசிக் காலத்தில் அவரே திட்டிக்கொண்டிருந்தார்.

பத்துக்குப் பத்து

புரோகிராமர் ஒருவருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 1970களில் கலிபோர்னியாவில் புது ஆய்வகம் கட்டுவதற்கு முன் ஐ.பி.எம். இதைப் படித்துப் பார்த்து, ஆளுக்குக் குறைந்தது 100 சதுர அடி தனி இடம் என்று முடிவுக்கு வந்தது. பத்தடிக்குப் பத்தடி. டாம் டிமார்கோவும் டிமதி லிஸ்டரும் 1984 முதல் 1986 வரை 92 கம்பெனிகளின் 600 புரோகிராமர்களுக்குப் போட்டி வைத்தார்கள். முன்னணிக் கால்வாசிப் பேருக்கு ஆபீசில் சராசரியாக 78 சதுர அடி இடம் இருந்தது. கடைசிக் கால்வாசிக்கு 46. சம்பளம் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

தங்கவயலில் பத்துக்குப் பத்து என்றால் அது லைன் வீடு. ஒரு குடும்பமே அதற்குள். 2020 மார்ச்சில் ரயில் நின்று, லேப்டாப்பும் கையுமாக எல்லாரும் வீட்டுக்கு வந்தபோது, ஐ.பி.எம். சொன்ன 100 சதுர அடி ஒருவழியாகக் கிடைத்தது. அதில் அம்மா, அப்பா, குக்கர், டி.வி. எல்லாமும் இருந்தன. ‘வீடியோ ஆன் பண்ணுங்க’ என்ற டீம் லீடுக்கு இது தெரிய நியாயமில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பையைத் திற

ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர் தங்கம் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பது தங்கவயலில் தினசரிச் சடங்காக இருந்தது. தாது திருட்டைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் 1897-ல் சட்டமே போட்டது. இன்று ஐ.டி. ஆபீசில் ஓ.டி.சி. (வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலை நடக்கும் தனிப் பகுதி) வாசலில் போனை லாக்கரில் வைக்கச் சொல்லி, பென் டிரைவ் இருக்கிறதா என்று பையைக் கிளறுகிறார் செக்யூரிட்டி. அந்த செக்யூரிட்டியும் அதே மாரிகுப்பம் ரயிலில் வந்தவராக இருக்கலாம்.

நின்றுகொண்டே ஒரு மணி நேரம்

டெய்லி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு, ஸ்க்ரம் என்ற மென்பொருள் வேலைமுறையின் வழிகாட்டி வைத்திருக்கும் வரம்பு 15 நிமிடம். நம் மேனேஜர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் படித்திருக்கிறார்கள்.

தாமதமானால் ஆளைச் சேர்

புராஜெக்ட் இழுத்துக்கொண்டு போகிறதா, இன்னும் ஐந்து பேரைப் போடு என்பது மேலிடத்தின் முதல் மருந்து. ஐ.பி.எம்.மின் பிரம்மாண்டமான ஓ.எஸ்.360 வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே புத்தகம் எழுதிவிட்டார். புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே பழைய ஆளின் நாள் கழியும். ஐம்பது வருடமாக எல்லா மேனேஜ்மென்ட் பாடத்திலும் இது இருக்கிறது. தேர்வுக்கு மட்டும் படிப்பார்கள் போல.

கரன்ட் முதலில் வந்தது எங்கே?

பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். தங்கவயலுக்கு மின்சாரம் 1902 ஜூனிலேயே வந்துவிட்டது, சிவசமுத்திரம் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து. அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின் பாதைகளில் ஒன்று அது. பெங்களூர் நகரத்துக்கே முந்திக்கொண்ட ஊர், இன்று வேலைக்கு பெங்களூரை நம்பியிருக்கிறது.

ஒப்பிடுவதற்கும் எல்லை உண்டு

இத்தனை ஒற்றுமை சொன்னதால் இரண்டையும் ஒரே தராசில் வைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ், அதாவது பாறைத் தூசி நுரையீரலைக் கெட்டிப்படுத்தும் நோய். பாறை வெடித்துச் செத்தவர்கள் தனி. முதுகு வலியும் கண் எரிச்சலும் அதற்குப் பக்கத்தில் வராது. வேலை மாறியிருக்கிறது, ஆபத்து பெருமளவு குறைந்திருக்கிறது. மாறாமல் இருப்பது, வேலையை விட்டுவிட்டு ஆளை அளக்கும் நிர்வாகப் பழக்கம் மட்டும்.

1946

அந்த வருடம் இரண்டு காரியங்கள் நடந்தன. நவம்பர் 4-ம் தேதி தங்கவயலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்கு ஊரில் இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அதே வருடம் பிரிட்டிஷ் இந்தியாவில் நிலையாணைச் சட்டம் வந்தது. வேலை நேரம் என்ன, லீவு எப்படி, எந்தக் காரணத்துக்கு வேலையைவிட்டு நீக்கலாம் என்று முதலாளி எழுத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கர்நாடகத்தில் ஐ.டி. கம்பெனிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டிருந்தது. 2024 ஜூனில் அது மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் விலக்கு சும்மா கொடுக்கப்படவில்லை; அதோடு வந்த நிபந்தனைகள் இவை. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்குழு வேண்டும். நிர்வாகமும் ஊழியரும் சரிபாதியாக உட்காரும் குறைதீர்ப்புக் குழு வேண்டும். சஸ்பெண்ட், பதவி இறக்கம், நீக்கம் எதுவானாலும் தொழிலாளர் துறைக்குத் தகவல் போக வேண்டும். துறை கேட்கும் விவரத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016-ல் தெளிவுபடுத்திவிட்டது.

பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், தங்கள் கம்பெனியின் குறைதீர்ப்புக் குழுவில் ஊழியர் தரப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று எச்.ஆர்.-க்கு இன்றைக்கே ஒரு மெயில் போடலாம். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.