'என் இடுப்புலயா கத்துக்கப் போறாங்க?' – இளம் டாக்டர் கைக்கு கத்தி வருவது எப்போது?

சென்னை,

காசிமேட்டில் வலை இழுப்பவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எண்ணூர் தொழிற்சாலையில் நின்றபடியே 'ஷிப்டு' பார்த்தவர்... வட சென்னையில் 50 வயதைத் தாண்டிய பலருக்கு முதலில் மக்கர் செய்வது முழங்காலும் இடுப்பும்தான்.

இந்த நிருபரின் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். மூட்டையோடு வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து வெறும் கட்டு போட்டுக்கொண்டார். எலும்பு கோணலாகக் கூடியது. ஒரு கால் குட்டை ஆகிவிட்டது. சில வருஷங்களில் மூட்டும் தேய்ந்து, "மாத்தித்தான் ஆகணும்" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டனர்.

வார்டில் பெரிய டாக்டருக்குப் பின்னால் நாலைந்து இளம் டாக்டர்கள் வந்தனர். அவர்கள் போனதும் பெரியப்பா கேட்டார்:

"ஏம்பா, இந்தப் பசங்க என் இடுப்புலயா கத்துக்கப் போறாங்க?"

நியாயமான கேள்வி. விசாரித்ததில் கிடைத்த விவரம் வருமாறு:–

கஞ்சித்தொட்டி

ராயபுரம் பக்கத்துப் பழைய ஆட்களிடம் ஸ்டான்லி என்பதை விட 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றால்தான் சட்டென்று தெரியும். 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆனது. ஏழைக்கு வைத்தியம், மாணவருக்குப் பாடம், இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம் அது.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் எலும்பு டாக்டராக எம்.எஸ். படிப்பு மேலும் 3 வருஷம். அதை முடித்தவுடனே சிக்கலான மூட்டு மாற்று ஆபரேஷனைத் தனியாகச் செய்துவிட முடியாது. அதற்கென்று ஒரு பெரிய டாக்டரிடம் மறுபடியும் பழக வேண்டும்.

முதலில் கொக்கி

ஆரம்பத்தில் இளம் டாக்டர் தியேட்டரில் பிடிப்பது கத்தி அல்ல; சதையை விலக்கிப் பிடிக்கும் கொக்கி. எக்ஸ்ரே படத்தில் அளவு போட்டுப் பழகுவார். பிளாஸ்டிக் எலும்பிலும், தானமாக வந்த உடலிலும் வெட்டிப் பார்ப்பார். பிறகு தையல். அதன் பிறகு ஒவ்வொரு கட்டமாக, பெரிய டாக்டர் எதிரில் நிற்க, கை வைப்பார்.

இவ்வளவு ஜாக்கிரதை ஏன்? இடுப்பில் வைக்கும் கிண்ணம் சுமார் 40 டிகிரி சாய்வில் உட்கார வேண்டும். கோணம் ரொம்பத் தவறினால் பந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. முழங்காலில் 3 டிகிரிக்கு மேல் கோணல் விழாமல் பார்க்கிறார்கள். எலும்பு சிமெண்ட் குழைத்தால் சில நிமிஷங்களில் இறுகிவிடும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

பெரியப்பா மாதிரி கேஸ் இன்னும் கஷ்டம். கோணல் எலும்பில் வழக்கமான தண்டு நேராக இறங்காது. குட்டைக் காலை ஒரேயடியாக நீட்டினால் நரம்பு இழுபட்டு பாதம் தொங்கிப் போகலாம்.

தன் தொடையிலேயே சோதனை

இன்றைய இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு வழி காட்டியவர் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி. முதலில் அவர் வைத்த டெப்லான் கிண்ணம் நூற்றுக்கணக்கானோருக்குத் தேய்ந்து போனது. பலருக்கு மறுபடி ஆபரேஷன். புதிய பிளாஸ்டிக்கைத் தன் தொடையிலேயே புதைத்துச் சோதித்தார். 1962-ல் வெற்றி கண்டார். ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் தன்னிடம் வந்து பழகாத டாக்டர்களுக்கு, ஆரம்ப வருஷங்களில், அந்த மூட்டை விற்கவே விடவில்லை!

கை பழக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குக் கணக்கும் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு முடிவு வந்தது. வருஷத்துக்கு 35 இடுப்பு ஆபரேஷனுக்கும் குறைவாகச் செய்யும் டாக்டர்களிடம், மூட்டு கழல்வதும் மறு ஆபரேஷனும் அதிகம் என்பதே அது.

செலவு

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு கட்டியது. சராசரியாக 1 லட்சத்து 58 ஆயிரம் ரூபாய் விலை போட்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு, 54 ஆயிரத்து 720 ரூபாய்க்கு இறங்கியது (வரி தனி). 2012-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று ஆபரேஷனும் உண்டு. முன்பு பணக்காரர் வைத்தியமாக இருந்தது, இப்போது கூலித் தொழிலாளிக்கும் எட்டுகிறது. ஆகவே பழகிய கைகளும் அதிகம் வேண்டும்.

கேளுங்கள்

நோயாளியும் வீட்டாரும் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: ஆபரேஷன் செய்வது யார்? பெரிய டாக்டர் கடைசி வரை தியேட்டரில் இருப்பாரா? இதுபோல கோணல் கேஸ் முன்பு செய்திருக்கிறாரா?

பெரியப்பா கேட்டார். பெரிய டாக்டர் கோபப்படவில்லை. "நான்தான் செய்வேன். இவங்க கூட இருப்பாங்க. இன்னிக்கு இவங்க பார்க்கலேன்னா, நாளைக்கு உங்க புள்ளைக்கு யார் செய்வா?" என்றார்.

பெரியப்பா கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் மாதம் தடி இல்லாமல் டீக்கடைக்கு நடந்தார். "தெனம் காலையில வந்து கையப் புடிச்சி நடக்க வெச்சது அந்த கொக்கி புடிச்ச பையன்தாம்பா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.