வயோதிகர் விடுதிகளுக்கு யார் சாக்ஷி?

வக்கீல் சரியில்லையென்றால் கட்சிக்காரர் வக்காலத்தை மாற்றிக்கொள்ளலாம். ஹோட்டல் சாப்பாடு பிடிக்காவிட்டால் மறுநாள் அடுத்த தெருவுக்குப் போகலாம். ஆனால் படுக்கையை விட்டு எழ மாட்டாமலும், நேற்று நடந்ததை இன்று சொல்ல மாட்டாமலும் ஒரு விடுதியிற் கிடக்கும் மூதாட்டி என்ன செய்வாள்? அவ்விடுதி நல்லதா, கெட்டதா என்பதை அவளுக்காகப் பிறரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எதைக் கொண்டு தீர்மானிப்பது?

இவ்விஷயத்தில் அமெரிக்கரின் அநுபவம் கவனிக்கத்தக்கது. நம் ஊர்களில் நர்ஸிங் ஹோம் என்றால் சிறு தனியார் ஆஸ்பத்திரி. அங்கேயோ அப்பெயர், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர்கள் வருஷக்கணக்கில் தங்கும் விடுதியைக் குறிக்கும். அத்தகைய விடுதிகள் சுமார் 15,000 உள்ளன. பெரும்பாலானவை லாபத்திற்காக நடப்பவை. எனினும் அவற்றில் வசிப்போரிற் பாதிக்கு மேற்பட்டவர்களின் செலவைப் பொதுஜனங்களின் வரிப்பணமே ஏற்கிறது.

முன்னாளில் அங்கே பரிசோதகர்கள் பெரும்பாலும் விடுதியில் வசதிகள் இருக்கின்றனவா என்றே பார்த்தனர். பராமரிப்பு நடந்ததா என்று பார்த்தது குறைவு. 1986-ல் வைத்திய நிபுணர் கமிட்டியொன்று இக்குறைகளை எடுத்துக்காட்டிற்று. மறு வருஷமே புதிய சட்டம் பிறந்தது. பரிசோதகர் முன்னறிவிப்பின்றி வரவேண்டும். வசிப்போரை நேரிற் கண்டு பேசவேண்டும். இரண்டு பரிசோதனைகளுக்கிடையே 15 மாதங்களுக்கு மேற் செல்லலாகாது. பரிசோதனைத் தேதியை விடுதிக்கு முன்கூட்டித் தெரிவிப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றும் அச்சட்டம் விதித்தது. ஊழியரின் சௌகரியத்திற்காக வயோதிகரைக் கட்டிப்போடுவதும், மருந்து கொடுத்து மயக்கிவைப்பதும் விலக்கப்பட்டன.

இதுவரை நல்லதே. 2008-ல் சர்க்கார் ஒவ்வொரு விடுதிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நக்ஷத்திரம் அளிக்கத் தொடங்கிற்று. பரிசோதகரின் முடிவு, ஊழியர் தொகை, வசிப்போரின் தேக நிலை ஆகிய மூன்றும் அதற்கு ஆதாரம். ஆனால் முதலாவது நீங்கலாக மற்ற இரண்டும் விடுதிக்காரர் தாமே எழுதிக் கொடுத்தவை! ஊழியர் கணக்கோ, பரிசோதனையை ஒட்டிய இரண்டு வாரங்களுக்கு மட்டும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாதென்பது நியாய சாஸ்திரத்தின் பால பாடம். அதை மறந்ததன் பலன் பின்னரே வெளியாயிற்று. 2016 முதல் வாய்மொழிக்குப் பதிலாகச் சம்பளப் பட்டியலையே கேட்டார்கள். 2018-ல் சுமார் 1,400 விடுதிகள், பதிவு பெற்ற நர்ஸுகள் போதாமையாலோ, இருந்தனரென்று ருஜுப்பிக்கும் கணக்கைக் காட்டாமையாலோ, ஊழியர் விஷயத்தில் ஒற்றை நக்ஷத்திரத்திற்கு இறக்கப்பட்டன.

ஊழியர் தொகையை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? ஒரே பக்கமாய்க் கிடப்பவரை வேளாவேளைக்குத் திருப்பிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப் புண் உண்டாகும். திருப்புவதற்குக் கைகள் வேண்டும், நக்ஷத்திரம் திருப்பாது. இதை உணர்ந்தே 2024-ல் அமெரிக்க சர்க்கார், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேர நர்ஸ் சேவை வேண்டுமென்று விதி செய்தது. ஆட்கள் கிடையாரென்று விடுதிக்காரர் வழக்காடினர். 2025-ல் டெக்ஸாஸ் நீதிமன்றமொன்று, அவ்வாறு விதிக்கச் சட்டத்தில் அதிகாரமில்லையென்று அதைத் தள்ளிற்று. கிராமப்புறங்களில் ஆட்கள் கிடைப்பது கஷ்டந்தான். ஆனால் ஆளில்லையென்பதனால் புண் ஆறிவிடுமோ?

நம் தேசத்திலும் 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏழை முதியோர் 150 பேருக்காவது இடமுள்ள விடுதியை ஜில்லாவுக்கு ஒன்று வீதம் மாகாண சர்க்கார் ‘அமைக்கலாம்’ என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. விடுதிகளின் தரத்தையும் ‘வகுக்கலாம்’ என்கிறது. ‘வேண்டும்’ என்பதற்கும் ‘லாம்’ என்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவென்பதை வக்கீல்கள் அறிவார்கள். படுக்கையிற் கிடப்பவர்களும் அறிவார்கள்.

சட்டம் திருந்தும் வரை பொதுஜன ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தம் ஊரிலுள்ள விடுதிக்குச் சொல்லாமற் செல்லுங்கள். வாயிற் பலகையையும் வரவேற்பு அறையையும் கண்டு திரும்பிவிடாதீர்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். தண்ணீர்ச் செம்பு படுத்திருப்பவரின் கைக்கெட்டுகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். பேச முடியாதவருக்கு அவர் உடம்பே சாக்ஷி.