முதல் கரண்டி மருமகளுக்கு!

"வாயும் வயிறுமா இருக்கே, ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று தட்டில் சோற்றைக் குவிப்பது நம் வழக்கம். புனே அருகே கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளைக் கவனித்து வந்த டாக்டர்கள் கண்டது வேறு. சாப்பாட்டின் மொத்த அளவல்ல, பால், கீரை, பழம் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளே நல்ல எடையோடு பிறந்தன.

நம் நொச்சிக்குப்பத்துக்கு வருவோம். "வஞ்சிரத்தை வித்துட்டு நாங்க காரப்பொடிதாம்மா துன்றோம்" என்று எனக்கு மீன் தருகிற அம்மாள் அலுத்துக்கொள்வார். அட, நல்லதுதானே! காரப்பொடி, நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம் கிடைக்கும். கீரையில் இல்லாத பி12 சத்தும் மீனில் உண்டு. சுறா மாதிரிப் பெரிய மீனில்தான் பாதரசம் சேரும். கர்ப்பிணிக்கு அது வேண்டாம். ஆனால் அந்தக் குழம்பும் ஆண்களுக்குப் போக மிச்சம்தான் மருமகளுக்கு என்றால் என்ன பிரயோஜனம்?

சத்து மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று சில மாமியார்கள் தடுக்கிறார்களாம். கேட்டதும் பகீரென்றது. ரத்தசோகை இருந்தால்தான் குறைப்பிரசவமும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையும் பிறக்கும் பயம் அதிகம். அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதம் முதல் 180 நாள், தினம் ஒன்று. டீயோடு விழுங்காதீர்கள், கால்சியம் மாத்திரை வேறு வேளைக்கு. மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள்.