எக்லிப்ஸில் மேவன் பதிவிறக்கப் பிழை

மேவன் என்பது ஜாவா நிரல்களைக் கட்டமைக்க உதவும் கருவி. தேவையான நூலகங்களின் பெயரையும் பதிப்பையும் பாம்.எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதினால், மேவன் அவற்றை இணையக் களஞ்சியத்திலிருந்து பதிவிறக்கிக் கணினியின் '.எம்2' கோப்புறையில் சேமிக்கும்.

கோவில்பட்டியை அடுத்த கரிசல் கிராமம் ஒன்றில், கைபேசி இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து படிக்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். பதிவிறக்கத்தின் நடுவே இணைப்பு அறுந்தால் எக்லிப்ஸ் சிவப்புக் குறி காட்டும். இணைப்பு திரும்பிய பின்னும் குறி மறையாது. அந்தத் தோல்வி '.லாஸ்ட்அப்டேட்டட்' என முடியும் சிறு கோப்பில் பதிவாகிவிடுவதே காரணம். வழக்கமான அமைப்பில் ஒரு நாள் கழியும்வரை மறுமுயற்சி நடக்காது. இதை அறியாமல் சரியான நிரலைத் திருத்தினால் புதிய பிழைகளே சேரும்.

தீர்க்கும் முறை:

1. திட்டத்தின் மீது வலச்சொடுக்கி, 'மேவன்', 'அப்டேட் ப்ராஜெக்ட்' எனச் செல்லவும்.
2. 'ஃபோர்ஸ் அப்டேட்' பெட்டியைத் தேர்ந்து 'ஓகே' அழுத்தவும்.
3. பிழை நீடித்தால், பெயரும் பதிப்பும் சரியா எனப் பார்க்கவும்.
4. அவை சரியெனில், எக்லிப்ஸை மூடி, '.எம்2' கோப்புறையில் அந்த நூலகத்தின் உட்கோப்புறையை மட்டும் அழித்து, மீண்டும் முயலவும்.

'.எம்2' முழுவதையும் அழிக்க வேண்டாம். எல்லா நூலகங்களையும் திரும்ப இறக்குவதில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடலாம்.